நாற்காலியின் அடிப்பக்கம்

ஏலத்துக்கு வந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற ஆளைக் கண்டால் மதுரை வியாபாரிகளுக்குச் சிரிப்பு வரும். வாங்க வந்தவன் உட்கார மாட்டான், கவிழ்ப்பான். முனிச்சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அந்த மனிதரைச் ‘சேர்க்காரர்’ என்று சொல்லிக் கேட்டால்தான் தெருவில் வழி காட்டுவார்கள். தலைமுடி கறுத்திருந்த காலத்திலிருந்து அவருக்கு இதே தொழில். ஏலம் கேட்கப் போகும்போது தோளில் ஒரு துண்டு, சட்டைப்பையில் டார்ச், கூடவே ஒரு பழைய டூத் பிரஷ். நாற்காலியைத் தலைகீழாக நிறுத்தி, துண்டால் ஒட்டடையைத் தட்டி, பிரஷ்ஷால் மூலைகளைத் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்ப்பார். மேல்பக்கத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். பாலிஷ் போடலாம், பிரம்பைப் புதுசாக்கலாம். அடிப்பக்கத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

அரசு அலுவலக ஏலத்துக்கு ஒரு வரிசை உண்டு. ‘கழிவு செய்யப்பட்ட தளவாடங்கள்’ என்று தலைப்புப் போட்ட தாள் அறிவிப்புப் பலகையில் தொங்கும். குறித்த நாளில் டேவணித் தொகை கட்டி ரசீது வாங்கியவர்தான் கேட்கலாம். மர நாற்காலி, இரும்பு நாற்காலி, உடைந்த மேசை, ஓடாத மின்விசிறி, ஜீப் டயர் எல்லாம் ஒரே குவியல், ஒரே லாட். நாற்காலியை மட்டும் பிரித்துத் தர மாட்டார்கள். நாலு மர நாற்காலி வேண்டுமென்றால் அத்தனை இரும்பையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதனால் சேர்க்காரர் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரோடு கூட்டுச் சேர்ந்தே போவார். “இரும்பு உங்களுக்கு, மரம் எனக்கு, டயர் வண்டிக்காரருக்கு” என்று முன்கூட்டியே பேச்சு முடிந்துவிடும். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று குரல் ஓய்ந்ததும் இரும்புக்காரர் லாபத்தை அங்கேயே எடை போட்டுப் பார்த்துவிடுவார். மரக்காரரின் லாபம் தெரிய மாதக்கணக்கில் ஆகும், தெரியாமலும் போகும்.

இன்னொரு வகைக் கூட்டும் உண்டு. வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் மரத்தடியில் கூடிப் பேசி, ஒருவர் மட்டும் கேட்பது, மற்றவர்கள் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்வார்கள். சரக்கு அடிமாட்டு விலைக்கு விழும். பிறகு டீக்கடைப் பெஞ்சில் தங்களுக்குள் இன்னொரு ஏலம் நடத்தி, வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இது மதுரைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் இதே கூத்து முற்றிப்போய், அதைத் தடுக்க 1927-ல் தனிச் சட்டமே போட்டார்கள். எம்.எஸ்.டி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வழியாக இணைய ஏலம் வந்த பிறகு இங்கே மரத்தடிப் பேச்சு குறைந்திருக்கிறது. கூடவே நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. நேரில் பார்க்க நாள் ஒதுக்குகிறார்கள்தான். ஆனால் எங்கோ ஒரு வெளியூர்க் கிடங்கில் கிடக்கும் உடைந்த நாற்காலிக்காக யார் பஸ் ஏறிப் போகிறார்கள்? திரையில் ‘பழைய மர நாற்காலிகள், பழுதடைந்தவை’ என்று ஒரு வரி. மங்கலாக ஒரு படம். அது 1930-ல் செய்ததா 1990-ல் செய்ததா என்று மீனாட்சிதான் சொல்ல வேண்டும்.

கோர்ட் ஜப்தி தனி ரகம். நில எடுப்பு இழப்பீடு கொடுக்காத அலுவலகத்துக்கு அமீனா வந்து நாற்காலி, கம்ப்யூட்டரை ஜப்தி செய்ய முயன்றார் என்ற செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். பெரும்பாலும் அதிகாரிகள் அவகாசம் கேட்டு நிறுத்திவிடுவார்கள். ஏலம் வரை வருவது அபூர்வம். தனி மனிதர் கடனில் மாட்டினால் கதை வேறு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60-ஆவது பிரிவில், ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியல் போடுகிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் அதில் இருக்கின்றன. நாற்காலி இல்லை. அன்றைக்கு நம் பக்கத்துச் சம்சாரி வீட்டில் நாற்காலியே கிடையாது என்பதால் யாரும் இதைக் குறையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். திண்ணை இருந்தது, பாய் இருந்தது, மணைப்பலகை இருந்தது.

மதுரைக்குத் தெற்கே கரிசல் பூமிக்குள் நாற்காலி எப்படி நுழைந்தது என்பதை இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் ‘நாற்காலி’ என்ற சிறுகதையில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த சப் ஜட்ஜ் முக்காலியில் உட்காரப்போய் விழுந்ததால் ஒரு வீட்டில் நாற்காலி செய்கிறார்கள். செய்த நாற்காலி கடைசியில் ஊரில் இறந்தவர்களை உட்கார வைக்கும் சாமானாகிவிடுகிறது. கதை சிரிக்க வைக்கும். பழைய நாற்காலி விற்கிறவருக்குச் சிரிப்பு வராது. தென்மாவட்டங்களில் பல சமூகத்தாரிடம் இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி வைக்கும் வழக்கம் உண்டு. அதனால் கைவைத்த பெரிய நாற்காலி ஒன்றைப் பார்த்ததும் உள்ளூர் வாடிக்கையாளர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

“அண்ணே, யாரையும் உக்கார வச்சது இல்லையே?”

“வாங்குன வீட்ல நான் கேக்கல தம்பி. கேக்குற கேள்வியா அது?”

இந்தப் பதிலுக்குப் பிறகு பாதிப் பேர் போய்விடுவார்கள். “இல்லை” என்று ஒரு வார்த்தை சொன்னால் விற்றுவிடும். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்பதில்லை என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். அந்த நாற்காலிகளை அப்புறம் சென்னை, பெங்களூருக்காரர்கள் எடுத்துப் போகிறார்கள். அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அடிப்பக்கத்துக்கு வருவோம். பழைய அலுவலக நாற்காலியின் அடிச்சட்டத்திலோ பின்கால்களிலோ பெயிண்டில் எழுத்து இருக்கும். துறையின் முதலெழுத்துகள், ஒரு வரிசை எண், சிலசமயம் ஆண்டு. தளவாடப் பதிவேட்டில் ஏற்றியதற்கு அடையாளம். ஏலம் எடுத்த வியாபாரி பட்டறைக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக இதைத்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழிப்பார். கவர்மென்ட் சாமான் என்று தெரிந்தால் திருட்டு சாமானோ என்று சந்தேகப்படுவார்களாம். ஆண்டாண்டு காலமாக இந்த ஊரில் அப்படித்தான் நடந்தது. அந்த எண்களோடு சேர்த்து எவ்வளவு பணத்தைத் தேய்த்துத் தூளாக்கினோம் என்பது சண்டிகர் விவகாரம் வெடித்த பிறகுதான் உறைத்தது.

அந்தக் கதை இதுதான். 1950-களில் லெ கொர்பூசியே சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்டபோது, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே அங்கேயே தங்கி, அலுவலகங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நாற்காலி, மேசை வடிவமைப்பதை முன்னின்று நடத்தினார். தேக்குச் சட்டம், பிரம்பு இருக்கை, கவிழ்த்துப் போட்ட ‘வி’ எழுத்துப் போன்ற கால்கள். உள்ளூர்த் தச்சர்களே ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். அடியில் எந்த அலுவலகம், என்ன எண் என்று பெயிண்டில் எழுதினார்கள். காலம் போனது. பிரம்பு கிழிந்தது. பிளாஸ்டிக்கும் ஸ்டீலும் வந்தன. பழையவை மொட்டை மாடியிலும் கொல்லையிலும் மழையில் நனைந்து கிடந்து, கழிவுச் சாமானாக ஏலம் போயின. 1990-களின் இறுதியிலிருந்து பிரான்ஸ் நாட்டுக் கலைப்பொருள் வியாபாரிகள் வந்து அந்த ஏலங்களில் குவியல் குவியலாக எடுத்தார்கள். எல்லாம் சட்டப்படி, ரசீதோடு. சீர்செய்து பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலக் கூடங்களில் வைத்தபோது ஒரே நாற்காலி பல லட்சம் ரூபாய்க்குப் போனது. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் இந்தப் பாரம்பரியத் தளவாடங்களை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. குதிரை கடல் கடந்த பிறகு லாயத்தைப் பூட்டினார்கள்.

அந்த ஏலக் கூடங்களின் பட்டியல் புத்தகத்தில் நாற்காலியின் முன்பக்கப் படத்தோடு, அடியில் இருக்கும் பெயிண்ட் எழுத்தின் படத்தையும் பெரிதாகப் போடுகிறார்கள். எழுத்து மங்கலாக, சற்றே கோணலாக, ஏதோ ஒரு கிளார்க்கின் கையெழுத்தில் இருக்கும். விலையின் பெரும்பகுதி அதற்குத்தான். அது இல்லாவிட்டால் நேற்று ஒரு பட்டறையில் செய்த நகலுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம். நகல்களும் இப்போது ஏராளம். எண்ணையும் சேர்த்தே நகல் எடுக்கிறார்கள். “நம்பர் இருக்குன்னு நம்பிராத. பெயிண்டு அழுக்குக்குக் கீழ இருக்கா, அழுக்குக்கு மேல இருக்கான்னு பாரு” என்று பட்டறைப் பையனுக்குச் சேர்க்காரர் சொல்வார். அழுக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எழுத்து போன மாதம் எழுதியது.

வயதைப் படிப்பதற்கு ஆங்கிலப் புத்தகங்களில் பல வழிகள் இருக்கின்றன. எல்லாம் மதுரைக்குச் செல்லாது. வட்ட ரம்பத்தின் வளைந்த தடம் இருந்தால் பிற்காலத்தது, கைரம்பத்தின் நேர்த்தடம் இருந்தால் முற்காலத்தது என்பார்கள். நம் ஊரில் குழிக்கு மேலே கட்டையை ஏற்றி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று அறுக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் இருந்தது. ஆகவே கைரம்பத் தடத்தை வைத்துக்கொண்டு நூறு வருஷம் என்று சாதிக்க முடியாது. திருகாணி நம்பத் தகுந்த சாட்சி. முனை மழுங்கி, தலையில் கோடு நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளி இருந்தால் கையால் அரம் போட்டது. கூர்முனைத் திருகாணி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில் அமெரிக்காவில் வந்த சரக்கு. ‘வெள்ளைக்காரன் காலத்து நாற்காலி’யில் அது இருந்தால் பின்னால் யாரோ பிரித்துச் செருகியது. மரம் நாளாக நாளாக இழைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாட்டில் சுருங்காது. அதனால் கடைந்தெடுத்த பழைய காலை விரலால் சுற்றிப் பிடித்தால் முழு வட்டமாக இராது. லேசாகத் தட்டையாக இருக்கும். இந்தப் பரிசோதனைக்குக் கண்ணைவிடக் கை போதும்.

மரத்தை மூக்கால் கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள். தேக்கைச் சுரண்டினால் எண்ணெய்ப் பசையும் தோல் வாடையும் வரும். தோதகத்தி கனம், ஊதாக் கலந்த கறுப்புக் கோடுகள், சுரண்டினால் இனிப்பு வாசம். பூவரசம் மரத்தில் செய்த கிராமத்து நாற்காலிக்கு ஏலத்தில் மரியாதை இல்லை. ஆனால் உளுத்துப் போகாமல் பேரன் காலம் வரை உழைப்பது அதுதான் என்று பட்டறை ஆசாரி அடித்துச் சொல்வார். சேர்க்காரருக்கும் அதே கருத்து. விற்கத்தான் முடிவதில்லை.

பிரம்புக்கு வேறு பாடம். இருக்கைச் சட்டத்தைச் சுற்றி ஓட்டை ஓட்டையாக இருந்தால் கையால் பின்னியது. ஓட்டை இல்லாமல் சுற்றிலும் ஒரு பள்ளமும் அதில் அடித்து இறக்கிய பட்டையும் இருந்தால், மெஷினில் நெய்த பிரம்புத் தட்டியை வெட்டி ஒட்டியது. கைப்பின்னலில் நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு, கடைசியாக ஓரக்கட்டு. நனைத்துப் பின்ன வேண்டும். காயக் காய அது இழுத்துக்கொண்டு விறைக்கும். காய்ந்த பிரம்பைப் பின்னினால் உட்கார்ந்த மறுநாளே தொய்யும். தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பார்வையற்றோர் பள்ளிகளில் கற்றுக்கொடுத்தார்கள். ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னியே பிழைத்த பார்வையற்றவர்கள் பலர். பட்டறைக்கு வரும் பெரியவர் ஒருவர் அவர்களில் ஒருவர். சட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டிவிட்டு, “இதுல ரெண்டு ஓட்டை பின்னால போட்டது” என்பார். ஆசாரி விளக்கடித்துப் பார்த்தால் உண்மையாக இருக்கும். இப்போது நைலான் பட்டை வந்து அந்தக் கைகளின் வேலையைப் பறித்துக்கொண்டது. நைலான் ஏறிய நாற்காலியை வெளிநாட்டு ஏலத்தில் காட்டினால் விலை அங்கேயே இறங்கும்.

மதுரை, காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கிடைக்கும் ஒரு வகை, வளைத்த மர நாற்காலி. முதுகு முழுக்க ஒரே கழியை வில்லாக வளைத்தது போல இருக்கும். இதன் மூலவர் மைக்கேல் தோனெட், ரைன் நதிக்கரைத் தச்சர். 1842-ல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். மெல்லிய பட்டைகளைப் பசை போட்டு ஒட்டி வளைக்கும் முறையில் தொடங்கினார். ஈரமான நாடுகளுக்கு அனுப்பிய நாற்காலிகளில் பசை விட்டுப்போயிற்று. பிறகு பீச் மரக் கழியை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் பொருத்தி, அப்படியே வளைத்தார். 1859-ல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலிக்கு ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. அவ்வளவுதான். ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகளைப் பிரித்து அடுக்கிக் கப்பலில் ஏற்றலாம். போய்ச் சேர்ந்த ஊரில் முடுக்கிக்கொள்ளலாம். 1930-க்குள் ஐந்து கோடி விற்றது என்பார்கள். 1869-ல் தோனெட்டின் தனியுரிமை முடிந்ததும் கோன் சகோதரர்கள் முதலாகப் பலர் இதே வடிவத்தைச் செய்தார்கள். எது யாருடையது என்பது இருக்கை வளையத்தின் உட்புறம் ஒட்டிய காகிதச் சீட்டிலோ மரத்தில் பதித்த முத்திரையிலோ மட்டுமே தெரியும். மறுபடியும் அடிப்பக்கம்தான். பட்டறைகளில் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் நாற்காலியை முக்கி எடுத்துப் பழைய பாலிஷைக் கழற்றுகிறார்கள். சீட்டு கரைந்து சாக்கடைக்குப் போகிறது. சீட்டில்லாத நாற்காலி டீக்கடைக்கும், சீட்டுள்ள நாற்காலி ஏலக் கூடத்துக்கும் போகும்.

காரைக்குடிக்கு மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் அடுக்கு, தஞ்சாவூர்ப் படம், நாற்காலி. இவை ஏன் தெருவுக்கு வந்தன என்பது நகரத்தாரின் சரித்திரம். பர்மாவில் வட்டித் தொழில் செய்து கட்டிய வீடுகள் அவை. 1930-களின் மந்தம், 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பு, விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது, 1962 ராணுவ ஆட்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த அடியில் வருமானம் நின்றது, வீடு நின்றது. அதற்குள்ளே புள்ளிகள் பெருகிக்கொண்டே போயின. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள். ஓட்டை மாற்ற அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். இறக்கி விற்பது அதைவிடச் சுலபமாகிவிட்டது.

அங்கே ஒரு வீட்டில் நடந்த பேச்சைச் சேர்க்காரர் அடிக்கடி சொல்வார். பன்னிரண்டு நாற்காலி கொண்ட செட்டில் ஆச்சியிடம் மூன்றுதான் இருந்தன.

“மத்ததெல்லாம் எங்க ஆச்சி?”

“பாகம் பிரிச்சப்ப ஆளுக்கு மூணு. ஒருத்தர் சென்னைல. ஒருத்தர் மலேசியா போயிட்டாரு. ஒருத்தருது கரையான் தின்னுருச்சு.”

“பன்னெண்டும் இருந்தா வேற விலை ஆச்சி.”

“அப்பச்சி இருந்தப்ப பன்னெண்டும் இருந்துச்சு. அப்ப யாரு தம்பி விக்கப் போறா?”

ஆச்சி சொன்னதுக்கு ஏல உலகில் பதில் கிடையாது. ஜோடியாக, செட்டாக இருக்கும் நாற்காலிகளின் மதிப்பு தனித்தனி விலையின் கூட்டுத்தொகையைவிட அதிகம். பங்கு பிரிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நியாயமாகப் பிரிந்தால் போதும். உலகத்தின் மிகப் பெரிய இருக்கைப் பாகப்பிரிவினை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்தது. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் அவருடைய பொன்வேய்ந்த சிங்காதனத்தைக் கொள்ளைப்பங்கு பிரிக்கும் ஆங்கிலேய அதிகாரிகள் துண்டு துண்டாக உடைத்து விற்றார்கள். கைப்பிடிச் சுற்றில் இருந்த சின்னப் புலித்தலைகள் திசைக்கொன்றாகச் சிதறின. 2009-லும் 2010-லும் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அவற்றுள் ஒவ்வொன்று வந்தது. ஒவ்வொரு தலையும் மூன்றரை லட்சம் பவுண்டைத் தாண்டியது. முழுச் சிங்காதனம் இருந்திருந்தால் என்ன விலை என்று கேட்க ஆளில்லை.

வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக விலைக்குப் போவதன் அவலத்தைத் தோப்பில் முஹம்மது மீரான் ‘சாய்வு நாற்காலி’ நாவலில் எழுதி 1997-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். பழம்பொருள் வாங்குகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு ஆச்சிமார் வீட்டுப் படியேறுவது நல்லது. பேரம் பேசும் குரல் கொஞ்சம் இறங்கும்.

கொடைக்கானல் சரக்கு வேறு வாசனை. மதுரையில் 1834-ல் தொடங்கிய அமெரிக்க மிஷன், காய்ச்சலுக்குப் பயந்து 1845-ல் கொடைக்கானலில் பங்களா கட்டியது. பின்னால் துரைமார்களும் தோட்டக்காரர்களும் ஏறினார்கள். அவர்கள் வீட்டு வராந்தா நாற்காலிதான் ‘பிளான்டர் சேர்’: படுத்த முதுகு, பிரம்பு இருக்கை, அகலக் கைகள். ஒவ்வொரு கைக்கு அடியிலிருந்தும் நீளப் பலகை ஒன்று சுழன்று முன்னால் வரும். பூட்ஸ் காலைத் தூக்கி அவற்றின்மேல் போட்டுக்கொள்வார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறவர்கள் முன்வாசலில் சாமானைப் பரப்பி ஏலம் போடுவார்கள். நம்மவர் வீட்டுக்கு வந்ததும் பலகையை அறுத்து எடுத்தவர்கள் நிறையப் பேர். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டுவது மரியாதைக் குறைவு. இரண்டு பலகையும் சுழலும் ஆணியும் முழுசாக இருக்கும் பிளான்டர் சேருக்கு இன்று விலை கூடுதல் என்பதற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம்.

சினிமாக் கொட்டகை நாற்காலிகளும் ஒரு காலத்தில் லாரி லாரியாக வந்தன. தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று உட்காரும் இடத்தை வைத்தே ஜனங்களைப் பிரித்த ஊர் இது. 1952-ல் ‘பராசக்தி’ படத்தோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. அதுவும் இடிபட்டு அந்த இடத்தில் ஜவுளிக்கடை எழுந்துவிட்டது. பழைய கொட்டகைகளின் மடக்குப்பலகை இருக்கைகள் வார்ப்பிரும்புக் காலோடு, நாலு நாலாகச் சேர்ந்தவை. ஏலம் எடுத்தவர்கள் இரும்பை உடைத்து எடைக்குப் போட்டு, பலகையை அடுப்புக்குக் கொடுத்தார்கள். முதுகில் இருந்த எண் தகட்டைக்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை. இன்று பெங்களூர் காப்பிக் கடைக்காரர்கள் அந்த இருக்கைகளைத் தேடி அலைகிறார்கள்.

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ஏலம் என்றால் மர்ரே கம்பெனி. பழைய பங்களாச் சாமான்கள் கைமாறிய இடம். அதை நடத்திய எஸ். ராஜம், மேசை நாற்காலி ஏலத்தில் வந்த பணத்தைக் கொண்டு 1950-களில் சங்க இலக்கியத்தையும் கம்பனையும் சந்தி பிரித்து, சாதாரண ஜனங்கள் வாங்குகிற மலிவு விலையில் அச்சிட்டார். ‘மர்ரே பதிப்பு’ என்று தமிழாசிரியர்கள் இன்றும் தேடும் புத்தகங்கள் அவை. ஏலத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் தமிழில் கிடையாது என்பது இதை எழுதுகிறவரின் கட்சி.

கதை தெரியாத நாற்காலி என்ன ஆகும் என்பதற்கு நம் கரையிலேயே சான்று இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர், ஆங்கிலேயர் கேட்டபடி நம் தச்சர்கள் கருங்காலி மரத்தில் நாற்காலி கடைந்தார்கள். முறுக்குக் கால், பூவும் கொடியும் செதுக்கிய முதுகு. இங்கிலாந்துக்குப் போன அவற்றை அடுத்த நூற்றாண்டில் ஹோரஸ் வால்போல் என்ற பிரபு பழைய ஆங்கில அரசர் காலத்துச் சாமான் என்று நம்பித் தன் மாளிகையில் சேர்த்து வைத்தார். 1842-ல் அந்த மாளிகைச் சாமான்கள் நாள் கணக்கில் ஏலம் போனபோதும் கருங்காலி நாற்காலிகள் ஆங்கிலப் பெருமையாகவே விலை போயின. அவை நம் கரையில் செய்தவை என்று அறிஞர்கள் நிறுவியது வெகுகாலம் கழித்துத்தான். கடைந்த ஆசாரி அடியில் ஒரு எழுத்து போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

எழுத்து எவ்வளவு பெறும் என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. ஜே.கே. ரௌலிங் வறுமையில் இருந்தபோது இலவசமாகக் கிடைத்த, ஒன்றோடொன்று சேராத நாலு பழைய சாப்பாட்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து ஹாரி பாட்டர் கதைகளை எழுதினார். பின்னால் அதன்மேல் தன் கையாலேயே பெயிண்டில் எழுதித் தர்ம காரியத்துக்குக் கொடுத்தார். 2016-ல் நியூயார்க்கில் அது 3,94,000 டாலருக்குப் போனது. மரத்துக்கு அதில் நூறு டாலர்கூடத் தேறாது. 2009-ல் பாரிஸில் 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போன அய்லீன் கிரேயின் ‘டிராகன்’ நாற்காலிக்கும், செய்த கை யாருடையது, யார் யார் வீட்டில் இருந்தது என்று முழு வரலாறும் கையில் இருந்தது.

இதைப் படித்துவிட்டு வீட்டு நாற்காலியைக் கப்பலேற்றக் கிளம்ப வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறு ஆகவில்லை என்றால் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்று வாங்க வேண்டும். தோதகத்திக்கு 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாடும் இருக்கிறது. தந்தம் பதித்தது என்றால் விற்கும் பேச்சே எடுக்கக் கூடாது. உள்நாட்டில் விற்பதற்கு வழி இருக்கிறது. அதுவே போதுமான சந்தை.

சேர்க்காரரிடம் பழைய நாற்காலி விற்க வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் வேண்டுகோளை இங்கே சொல்லிவிடலாம். கொண்டுவருவதற்கு முன் துடைக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், சோடாவில் முக்காதீர்கள். கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தைச் செல்போனில் நாலு படம் எடுங்கள். எந்த வருஷம், யார் வாங்கியது, எந்த வீட்டில் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். செட்டு பிரிந்து கிடந்தால் பங்காளிகளுக்கு ஒரு போன் போடுங்கள். விற்கிறீர்களோ இல்லையோ, அந்தத் தாளை நாற்காலியோடு வைத்திருங்கள்.